எந்த அன்டிவைரஸ் வாங்கலாம் என்று கேட்ட விசுவமடுத் தங்கச்சிக்கு

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்குப் புதிதாக 4ஜி ரவுட்டர் எடுத்திருக்கிறோம். மகள் ஏ.எல். படிக்கிறாள், அவளுக்கு ஒரு பழைய லப்டொப் வாங்கிக் கொடுத்தோம். எனக்கும் இவருக்கும் ஆளுக்கொரு போன். மாமியும் கனடாவில் இருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில்தான் கதைப்பார். அக்கம்பக்கத்தில் ஆட்கள் காசை இழந்த கதைகளைக் கேட்கப் பயமாக இருக்கிறது. எந்த அன்டிவைரஸ் வாங்குவது? வேறு என்ன கவனிக்க வேண்டும்?"

அன்டிவைரஸ் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிஃபெண்டர் ஒரு வீட்டுக்குப் போதும். அது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பழைய லப்டொப் விற்கும் கடைகள் சிலவற்றில் கள்ள விண்டோஸும் கள்ள ஒஃபிஸும் போட்டுத்தான் தருவார்கள். அவற்றை ஓட வைக்கும் 'அக்டிவேட்டர்' என்ற சாமான் வேலை செய்வதற்காக டிஃபெண்டரை நிறுத்தி வைத்துவிடுவார்கள். பூட்டைக் கழற்றிவிட்டு வீட்டை ஒப்படைப்பது போன்ற வேலை இது. ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்கியூரிட்டி' என்று தேடித் திறந்தால் எல்லாவற்றிலும் பச்சைக் குறி இருக்க வேண்டும். மகளுக்குக் கட்டுரை எழுதவும் கணக்குப் பார்க்கவும் லிப்ரே ஒஃபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தக் காசை மிச்சம் பிடித்து வேறு எதற்குச் செலவழிக்கலாம் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் பயப்படும் விஷயத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் காசை இழந்தவர்களில் நான் அறிந்த யாரிடமும் கணினி வைரஸ் வந்து காசை எடுக்கவில்லை. ஒரு ஆள் கேட்டார், இவர்கள் கொடுத்தார்கள். கேட்ட ஆள் தெரிந்த பெயரில் வந்தார், அவசரப்படுத்தினார். அவ்வளவுதான் நடந்தது. இதை எந்த அன்டிவைரஸும் மறிக்காது.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மாமியின் போனுக்கு, தெரிந்த மருமகளின் படத்தோடும் பெயரோடும் வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: "மாமி, என்ர போன் பழுதாப் போச்சு. உங்கட நம்பருக்கு 6 இலக்கம் ஒண்டு வரும், அதைக் கெதியா அனுப்பிவிடுங்கோ." அடுத்த நிமிடமே குறுஞ்செய்தியில் 6 இலக்கம் வருகிறது. மாமி அனுப்புகிறார். உண்மையில் அந்த இலக்கம் மாமியின் வட்ஸ்அப் கணக்கை வேறொரு போனில் திறப்பதற்கான சாவி. அனுப்பியதும் மாமியின் போனில் வட்ஸ்அப் மூடிக்கொள்ளும். கள்வன் அவர் பெயரில் உள்ளே இருப்பான். பத்து நிமிடத்தில் கனடா மகனுக்கும் லண்டன் தங்கைக்கும் கோயில் குழுவுக்கும் செய்தி போகும்: "ஆசுப்பத்திரியில நிக்கிறன், அவசரமா ஒரு ஐம்பதினாயிரம் போட்டுவிடுங்கோ, நாளைக்குத் தாறன்." இலக்கம் கேட்டுச் செய்தி வந்த மருமகளின் கணக்கும் முதல் நாள் இதே மாதிரித்தான் பறிபோயிருக்கும்.

வன்னியில் இது நன்றாக எடுபடுவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத வீடு இங்கே குறைவு. காசு வருவதும் போவதும், நோய் நொடி சொல்வதும் போனில்தான் நடக்கிறது. ஒருவர் அவசரம் என்றால் ஏன், எதற்கு என்று கேட்காமல் உதவுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. அந்த நல்ல பழக்கத்தைத்தான் கள்வன் பயன்படுத்துகிறான்.

ஆகவே வீட்டில் எல்லோரும் இரண்டு விஷயத்தைப் பழக வேண்டும். ஒன்று, காசு கேட்டுச் செய்தி வந்தால், அதே செய்தியில் பதில் எழுதாமல் அந்த ஆளின் பழைய நம்பருக்கு அழைத்துக் குரலைக் கேட்பது. அழைப்பு எடுபடவில்லை என்றால் அவருடைய வீட்டில் வேறொருவருக்கு அழையுங்கள். குரலையே போலியாகச் செய்யும் செயலிகள் வந்துவிட்டதால், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பழைய வீட்டு முற்றத்தில் நின்ற மரம் எது என்பது மாதிரி ஒன்று போதும்.

மற்றது, போனுக்கு வரும் எந்த இலக்கத்தையும் யாருக்கும் சொல்லாமல் இருப்பது. வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்கும் (ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம்) இதுதான் சட்டம். மாமிக்கு இப்படி விளக்குங்கள்: உங்கள் கணக்குக்குக் காசு வருவதற்கு ஓடிபி தேவையில்லை. கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை இவ்வளவும் போதும். ஓடிபி கேட்கிறார்கள் என்றால் காசு வெளியே போகப் போகிறது. "அஸ்வெசும (அரசாங்க உதவி) காசு போட வேண்டும், கோட் சொல்லுங்கோ", "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு", "பார்சல் சுங்கத்தில் மறிபட்டிருக்கு" என்று எந்தப் பெயரில் வந்தாலும் கதை ஒன்றுதான். தபால் திணைக்களத்தின் பெயரில் "முகவரி பிழை, இந்த லிங்கில் திருத்துங்கள்" என்று வந்த போலிக் குறுஞ்செய்தியும் நாடு முழுக்கச் சுற்றியது. லிங்கைத் தொட்டால் சிறு தொகை கட்டச் சொல்லி, வங்கி அட்டையின் முன்பக்க இலக்கத்தையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் கேட்கும்.

நட்சத்திரக் குறியில் தொடங்கும் இலக்கம் ஒன்றை அழுத்தச் சொன்னாலும் செய்ய வேண்டாம். உங்கள் அழைப்புகளை வேறு நம்பருக்குத் திருப்பிவிடுகிற கட்டளையாக அது இருக்கலாம். ஏற்கனவே யாராவது அழுத்திவிட்டால் ##002# என்று அழுத்தினால் திருப்பிவிட்டவை எல்லாம் நீங்கும். அதே போல, கலியாண அழைப்பிதழ் என்றோ வங்கிச் செயலி என்றோ வட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை ஏற்றும் கோப்பு) வந்தால் அழித்துவிடுங்கள். செயலிகளைப் பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்க வேண்டும். அங்கேயும் உடனடிக் கடன் தருகிற செயலிகள் பக்கம் போக வேண்டாம். உங்கள் தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, தவணை பிந்தினால் ஊருக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குகிறவை இருக்கின்றன.

இன்றைக்கே மாமியின் போனை வாங்கி வட்ஸ்அப் செட்டிங்ஸில் எக்கவுண்ட், பிறகு 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே 6 இலக்கப் 'பின்' (நீங்களே வைக்கும் இரகசிய இலக்கம்) ஒன்று வைத்தால், குறுஞ்செய்தி இலக்கம் கள்வனிடம் போனாலும் அந்தப் பின் இல்லாமல் அவனால் உள்ளே வர முடியாது. மின்னஞ்சல் முகவரி ஒன்றும் கேட்கும், உங்களுடையதைக் கொடுங்கள். மாமி பின்னை மறந்தால் அது உதவும். 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்தில் தெரியாத கணினி எதுவும் இணைந்திருந்தால் நீக்கிவிடுங்கள். உங்கள் போனிலும் இவருடைய போனிலும் இதையே செய்யுங்கள்.

ஒரு வீட்டின் இணைய வாழ்க்கைக்கு வேர் இரண்டு: சிம், மின்னஞ்சல். வங்கியும் பேஸ்புக்கும் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பமும் இவற்றில்தான் தொங்குகின்றன. பாஸ்வேர்ட் மறந்தால் எல்லாம் புதிதாக எடுப்பது மின்னஞ்சல் வழியாக. அதனால் ஜிமெயிலுக்கு வைக்கும் பாஸ்வேர்ட் வேறெங்கும் வைக்காததாக இருக்க வேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் சேர்த்து வைப்பதை விடுங்கள். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வையுங்கள், மாதம் மாதம் மாற்றத் தேவையில்லை. கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைப்பது பிழை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இணையக் கள்வன் உங்கள் அலுமாரியைத் திறக்கப் போவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட் வைப்பதை விட அந்தக் கொப்பி எவ்வளவோ மேல்.

சிம் விஷயத்தில் இங்கே அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. மலிவான டேட்டா பக்கேஜ் வருகிறது என்று புது சிம் எடுப்பார்கள், பழையதை ரீலோட் பண்ணாமல் விட்டுவிடுவார்கள். நீண்ட காலம் பாவிக்காத இலக்கம் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போகும். வங்கியிலும் ஜிமெயிலிலும் அந்தப் பழைய இலக்கமே இருந்தால் உங்கள் ஓடிபி அவருடைய போனுக்குத்தான் வரும். இலக்கம் மாற்றுவதானால் முதலில் வங்கிக்குப் போய் மாற்றிவிட்டு, அப்புறம் சிம்மை விடுங்கள். வேறொருவரின் அடையாள அட்டையில் எடுத்த சிம்மை வங்கிக்குக் கொடுக்கவே வேண்டாம். அது தொலைந்தால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

இனி, கொமினிகேசன் கடை. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிரிண்டர் உள்ள வீடு குறைவு. வேலை விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, கடவுச்சீட்டுப் படிவம் எல்லாவற்றுக்கும் சந்தியில் உள்ள கடைக்குத்தான் போகிறோம். அந்தக் கடைகள் இல்லாவிட்டால் பாதி அலுவல் நடக்காது, அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்குள்ள கணினியில் உட்கார்ந்து ஒருக்கா 'டவுன்லோட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். முன்னால் வந்தவர்களின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வரிசையாகக் கிடக்கும். ஜிமெயிலைத் திறந்தால் காலையில் வந்துபோன பிள்ளையின் கணக்கு மூடாமல் அப்படியே இருக்கும். கடைக்காரர் நல்லவராக இருந்தாலும், அடுத்ததாக அந்தக் கதிரையில் உட்காருகிறவர் யாரென்று அவருக்கும் தெரியாது.

அங்கே மின்னஞ்சல் திறப்பதானால் 'இன்கொக்னிடோ' (பார்த்ததைச் சேமித்து வைக்காத) ஜன்னலில் திறந்து, வேலை முடிந்ததும் வெளியேறி ஜன்னலை மூடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி அச்செடுத்தால், கடைக்காரரிடம் கேட்டு உங்கள் கண் முன்னாலேயே கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்விக்கலாம். கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. மூடாமல் வந்துவிட்டீர்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தால், கூகுள் எக்கவுண்டில் செக்கியூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' என்ற இடத்தில் அந்தக் கணினியைத் தெரிவு செய்து வெளியேற்றலாம். அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது அதன் மேல் குறுக்காக, எதற்குக் கொடுத்தது, என்ன திகதி என்று பேனையால் எழுதிவிடுங்கள். அதே பிரதியை வேறொன்றுக்குப் பாவிப்பது சிரமமாகும்.

பென் ட்ரைவ் அங்கே போய் வந்தால் கோப்புகள் மறைந்து 'ஷோர்ட்கட்' சின்னங்கள் மட்டும் தெரிகிற வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அந்தச் சின்னங்களை இரட்டைச் சொடுக்குச் செய்ய வேண்டாம். டிஃபெண்டரால் ஸ்கான் செய்துவிட்டு, 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதைக் காட்டச் செய்தால் பெரும்பாலும் உங்கள் கோப்புகள் அப்படியே உள்ளே இருக்கும். அதனால் உடனே ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள்.

ரவுட்டருக்கு அதிகம் சொல்ல இல்லை. அதன் அடியில் உள்ள ஸ்டிக்கரில் 192.168 என்று தொடங்கும் முகவரியும் நிர்வாகப் பாஸ்வேர்டும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரிக்குப் போய் நிர்வாகப் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) ஆக இருக்கட்டும், பாஸ்வேர்ட் இல்லாமல் இணைய விடும் டபிள்யூபிஎஸ்ஸை (WPS) நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பாடம் பார்க்க வைஃபை கேட்டால் இல்லை என்று சொல்ல எங்களால் முடியாது, சொல்லவும் வேண்டாம். 'கெஸ்ட் நெட்வேர்க்' (வெளியாட்களுக்கான தனி வைஃபை) வசதி இருந்தால் அதைத் திறந்து, அதற்கு வேறு பாஸ்வேர்ட் கொடுங்கள்.

டேட்டா முடிந்துபோகும் பயத்தில் பலர் விண்டோஸ் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. அதற்குப் பதிலாக வைஃபை செட்டிங்ஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்பதைப் போடுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் தாமாக இறங்காது. உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால், மாதம் ஒருமுறை அந்த நேரத்தில் நீங்களே இறக்கிவிடலாம். லப்டொப் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். பழைய இயந்திரத்தில் ஏறாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம். இலவசம்தான், படிப்பு வேலைக்குத் தாராளமாகப் போதும், கள்ள அக்டிவேட்டர் தொல்லையும் இல்லை.

திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறதா? எங்கோ ஒரு தளத்தில் 'அலவ்' என்பதை அழுத்தியிருப்பீர்கள், அதன் விளம்பரம் அது. குரோம் செட்டிங்ஸில் 'நொட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய்த் தெரியாத தளங்களை நீக்கினால் சரி. அதில் காட்டும் நம்பருக்கு அழைக்க வேண்டாம்.

இப்போது மிச்சம் பிடித்த காசு. இங்கே கள்வனை விடக் கூடுதலாகக் கணினிகளைக் கொல்வது மின்னலும் கரண்டும்தான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி தொடங்கினால், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்ற வேண்டும். சிக்னல் போதாது என்று பைப் கம்பத்தில் அன்டெனா ஏற்றியிருந்தால் ரவுட்டருக்கு வரும் அந்த வயரையும் கழற்றுங்கள், ஏனென்றால் மின்னல் அந்த வழியாகவும் வரும். இடி நெருங்கிய பிறகு வயரில் கை வைக்க வேண்டாம், வானம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் ஓட வைக்கும் பற்றரி) கிடைக்கிறது. வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் அளவும் அதுவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். லப்டொப்பை மெத்தையில் வைத்துப் பாவிக்க விடாதீர்கள். எங்கள் செம்மண் புழுதி ஏற்கனவே விசிறியை அடைத்துவிடும்.

மிச்சக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். 2008, 2009இல் இடம்பெயர்ந்து பெயர்ந்து நடந்த சனத்துக்கு, கடதாசி என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் எல்லாம் பதுங்குகுழிக்குள்ளும் வழியிலும் போனது. முள்ளிவாய்க்கால் வரை போய் மீண்ட எத்தனையோ குடும்பங்களிடம் இறந்த பிள்ளையின் ஒரு படம்கூட இன்று இல்லை. காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதிக்காக ஆண்டுக்கணக்காகக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலைந்தவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்றைக்கு அதே ஆட்களின் படங்களும் சான்றிதழ்களும் ஒரேயொரு போனுக்குள் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் பதறுகிறது. போன் கிணற்றுக்குள் விழ ஒரு கணம் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உறுதி, சான்றிதழ்கள், பரீட்சைப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகம், வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் நேராகப் படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயரும் ஆவணத்தின் பெயரும் இட்டுச் சேமியுங்கள். ஒரு பிரதி லப்டொப்பில், ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று கூகுள் டிரைவில். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஆவணங்களுக்குத் தாராளம். இரண்டு வருடம் பாவிக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால் இடைக்கிடை திறந்து பாருங்கள். ஹார்ட் டிஸ்கைப் பிரதி எடுத்த பிறகு கழற்றி வேறிடத்தில் வையுங்கள். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கும் வைரஸ் வந்தால், இணைந்திருக்கும் டிஸ்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.

மகள் பற்றி: போனைப் பறிப்பதாலும் பூட்டு மேல் பூட்டுப் போடுவதாலும் அவ்வளவு பயன் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கென்றால் கூகுள் ஃபமிலி லிங்க் உதவும். ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது ஒரு வாக்கு: "யாராவது உன்னுடைய படத்தை வைத்து மிரட்டினால் எங்களிடம் வா, ஏசமாட்டோம்." இந்த மிரட்டலில் பிள்ளைகள் உயிரை விடுகிற அளவுக்குப் போவது வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான். மிரட்டுகிறவனுக்குக் காசு கொடுத்தால் மறுபடியும் கேட்பான். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு அவனை 'புளொக்' பண்ண வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழைக்கலாம். ஹிதவதி என்ற சேவை இணையத் தொல்லைக்கு ஆளாகும் பெண்களுக்கு உதவுகிறது, தமிழிலும் கதைப்பார்கள். படிப்பு முடிந்து "தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை, சம்பளம் டொலரில்" என்று பேஸ்புக்கில் வரும் விளம்பரத்தை நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து, முகவர் பதிவு பெற்றவரா என்று கேட்காமல் கடவுச்சீட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் ஏதாவது நடந்துவிட்டால், நேரம்தான் முக்கியம். ஓடிபியோ அட்டை இலக்கமோ கொடுத்துவிட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு. அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் நிறுத்தச் சொல்லுங்கள், கிளை திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம். வட்ஸ்அப் பறிபோனால் அதே சிம்மை வைத்து மறுபடியும் பதிவு செய்யுங்கள். உங்களுக்கு வரும் 6 இலக்கத்தைப் போட்டதும் கள்வன் வெளியேற்றப்படுவான். அவன் 'பின்' இலக்கம் ஏதும் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனால் அவனாலும் அதற்குள் ஒன்றும் செய்ய முடியாது. அதுவரை வெளிநாட்டுச் சொந்தங்களுக்குச் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள். கணினிப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைத்தால் கணக்கை மீட்கும் வழியைச் சொல்வார்கள். காசு போயிருந்தால் பொலிஸில் முறைப்பாடு எழுதி அதன் பிரதியை வாங்கி வங்கிக்குக் கொடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பிறர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் புகுவதே குற்றம். "நீங்கள்தானே கோட் கொடுத்தீர்கள்" என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால் இதைச் சொல்லி நில்லுங்கள்.

வங்கியின் அவசர இலக்கத்தையும் 101, 1929 இரண்டையும் ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், மாமியின் கண்ணாடி இல்லாமலும் தெரிகிற அளவில். மாமியின் போனில் பின் வைக்கும்போது எங்காவது தடக்குப்பட்டால், எந்தத் திரையில் நிற்கிறது என்று எழுதுங்கள், அதிலிருந்து சொல்கிறேன்.